புதிய கமெரா வாங்குவதா?

புதிதாக ஒரு டிஜிட்டல் கமெரா வாங்கலாமா, வாங்குவதாயின் எதை வாங்குவது என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகின்றது. பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்பதால் கமெராவைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று நம்புகின்றார்கள் போலும். வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் உள்ள இளம் நிருபர்கள் கேட்கின்றார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரவிருக்கும் உறவினர்கள் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் கேட்கின்றார்கள். அண்மையில் இந்தக் கேள்வி எனக்கே எழுந்திருக்கின்றது. 2004ஆம் ஆண்டில் வாங்கிய எனது 6 மெகாபிக்செல் கமெராவின் பற்றரி இப்போது பத்துப் படங்களுக்கு மேல் தாங்குவதில்லை. அதற்குரிய அசல் பற்றரியும் கடைகளில் இல்லை. ஆகவே, எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதிலையே இங்கு எழுதுகின்றேன்.

கைத்தொலைபேசி இருக்கும்போது கமெரா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உலகம் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. 2010ஆம் ஆண்டில் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் கமெராக்களின் எண்ணிக்கை 12 கோடியைத் தாண்டியிருந்தது. 2024இல் அது ஏறத்தாழ 85 இலட்சம் மட்டுமே. கமெரா வாங்குவது என்பது இன்று ஒரு தேவையாக அன்றி, காரணம் சொல்லி நியாயப்படுத்த வேண்டிய ஒரு செலவாக மாறிவிட்டது. எனக்கு அப்படியொரு காரணம் இருக்கின்றதா என்பதே விடயம்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கமெரா என்பது காரியாலயத்தின் சொத்து. ஆசிரியபீடத்தில் எவருக்கும் சொந்தக் கமெரா கிடையாது. ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். அதற்கு மேல் எடுத்தால் படப்பிடிப்பாளர் கணக்குச் சொல்ல வேண்டும். வெளியூர் நிருபர் ஒருவர் படச்சுருளை இரவுத் தபால் ரயிலில் அல்லது அறிமுகமான பஸ் சாரதி ஒருவரின் கையில் கொடுத்தனுப்பினால், அது கொழும்பு வந்து, இருட்டறையில் கழுவப்பட்டு, பிரதியெடுக்கப்பட்டு, புளொக் செய்யப்பட்டுப் பத்திரிகையில் வருவதற்கு இரண்டு நாட்களாவது ஆகும். சுருள் வழியில் தொலைந்தால் சம்பவமும் தொலைந்தது. 1990இல் வடக்கு துண்டிக்கப்பட்ட பின்னர் நிலைமை மேலும் மோசமாயிற்று. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தில் கமெராவின் பிளாஷுக்கு எங்கிருந்து பற்றரி கிடைக்கும்? அந்தத் தசாப்தத்தில் வடக்கில் நடந்தவற்றுக்கு எம்மிடம் சொற்கள் இருக்கும் அளவுக்குப் படங்கள் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

டிஜிட்டல் கமெராவின் கதை இதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது. கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவ் சாஸன் 1975இல் செய்த முதலாவது கருவி ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடையுள்ளது. நூறுக்கு நூறு, அதாவது 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவதற்கு அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. பிலிம் விற்றே வாழ்ந்த அந்த நிறுவனம் தனது சொந்தக் கண்டுபிடிப்பை முழுமனத்துடன் வரவேற்கவில்லை. 2012 ஜனவரியில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களின் கைக்கு டிஜிட்டல் உண்மையாகவே வந்தது 1999இல் நிக்கொன் டி1 வெளிவந்தபோதுதான். அதில் இருந்தது 2.7 மெகாபிக்செல், விலை 5,000 டொலருக்கு மேல். 2003இல் கெனன் 300டி 1,000 டொலருக்குக் கீழ் வந்ததும்தான் எம்மைப் போன்றவர்கள் கமெராக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசிக்கத் துணிந்தோம்.

எங்கள் தமிழ்ப் பத்திரிகைத்துறையில் டிஜிட்டல் படம் என்ன செய்ய வல்லது என்பதற்கு ஓர் உதாரணத்தையே நான் எப்போதும் சொல்வதுண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தாமே கொண்டு சென்ற கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் பாதுகாப்புத் தரப்பில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி'யின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சடலங்களைப் படமெடுத்தார். அவை வெளியானபோது, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் பத்திரிகைத் தாளின் மங்கலான அச்சிலும் எவராலும் மறுக்க முடியவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் 2019இல் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டனர். அந்தப் படங்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன. அவற்றை எடுத்த கருவி எந்த நிறுவனத்தினுடையது, எத்தனை மெகாபிக்செல் என்று இதுவரை எவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

மெகாபிக்செல் என்ற இந்தச் சொல்லைக் கடைக்காரர்கள் அரிசிக்கடைத் தராசைப் போலப் பயன்படுத்துகின்றார்கள். கூடினால் நல்லது, இன்னும் கூடினால் இன்னும் நல்லது. கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு மெகாபிக்செல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். பத்திரிகைத் தாளில் ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளிகளுக்கு மேல் கொடுத்தாலும் அச்சு இயந்திரத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முதற்பக்கத்தில் எட்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமுமாக ஒரு படம் வந்தால் அதற்கு வேண்டியது 1,600க்கு 1,200 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 2 மெகாபிக்செல். அல்பத்தில் ஒட்டும் ஆறுக்கு நான்கு அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் கொடுத்தாலும் கணக்கு 2 மெகாபிக்செல் அளவில்தான் நிற்கும். கணினித் திரையில் பார்ப்பவர்களுக்கும் அதே கதை. மேலும், 12 மெகாபிக்செலிலிருந்து 24க்குப் போனால் படம் இரு மடங்கு தெளிவாகிவிடும் என்று எண்ணுவது தவறு. அகலத்தில் கூடுவது 41 சதவீதம் மட்டுமே.

இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, ஆகவே பழைய 6 மெகாபிக்செலே போதும் என்று முடித்துக்கொள்ளலாம். ஆயினும் மனம் ஒப்பவில்லை. காரணம் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம். அந்தத் தாய்மார் கைகளில் ஏந்தியிருந்த படங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சில, ஸ்ரூடியோவில் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டவை. இன்னும் சில, திருமண வீட்டிலோ பாடசாலையிலோ எடுத்த குழுப்படம் ஒன்றிலிருந்து வெட்டிப் பெருப்பிக்கப்பட்டவை. பக்கத்தில் நின்றவரின் தோள் ஓரத்தில் தெரியும். முகம் மங்கித் திட்டுத்திட்டாக இருக்கும். எடுத்தவர் அதை ஒரு தனி மனிதனின் படமாக நினைத்து எடுக்கவில்லை. பத்து ஆண்டுகளின் பின்னர் அந்த மூன்றாவது வரிசைப் பையனின் முகம் ஒன்றே குடும்பத்தில் எஞ்சப்போகின்றது என்று எவருக்குத் தெரியும்?

இங்கேதான் மெகாபிக்செலுக்கு ஒரு நேர்மையான பயன் வருகின்றது. வரிசைக்குப் பத்துப் பேராக நிற்கும் ஒரு குழுப்படத்தை 2 மெகாபிக்செலில் எடுத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் அகலம் 160 புள்ளிகள். அதில் முகத்துக்கு ஐம்பதோ அறுபதோ. அதே படம் 24 மெகாபிக்செலில் 6,000 புள்ளி அகலமாயிருக்கும். முகத்துக்கு இருநூறு புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். முதலாவதில் அது ஒரு முகம் என்று தெரியும். இரண்டாவதில் அது யாருடைய முகம் என்று தெரியும். ஆகவே, பத்திரிகைக்கு 2 போதும், ஊருக்கு 24 வேண்டும் என்பது எனது கட்சி. அதற்கு மேல் 40, 60, 100 என்று ஏறுவது விளம்பரப் பலகை செய்பவர்களின் விவகாரம். 24 மெகாபிக்செல் என்பதோ பத்து வருடங்களுக்கு முந்திய சாதாரண கமெராக்களிலேயே வந்துவிட்ட ஒன்று.

புள்ளிகளின் எண்ணிக்கையை விட அவை எவ்வளவு ஒளியை வாங்குகின்றன என்பதே பெரிய விடயம். கமெராவுக்குள் பிலிமின் இடத்தில் இருக்கும் உணரியின் பரப்பளவைப் பற்றி விளம்பரங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பழைய 35 மில்லிமீற்றர் பிலிமின் அளவிலான உணரி 864 சதுர மில்லிமீற்றர். பெரும்பாலான நடுத்தரக் கமெராக்களில் உள்ளது ஏறத்தாழ 370. உயர்ரகக் கைத்தொலைபேசியின் பிரதான உணரி சுமார் 70. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் எல்லோர் கையிலும் மின்னிய சிறு கமெராக்களில் இருந்தது வெறும் 28. வெய்யிலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கோயில் இரவுத் திருவிழாவிலும், ஒற்றைக் குழல்விளக்கு எரியும் கிராமசேவகர் மண்டபத்திலும், மின்வெட்டு நேரத்து வைத்தியசாலை விறாந்தையிலும்தான் வித்தியாசம் தெரியவரும். எமது செய்திகளில் பாதி நடப்பது அத்தகைய இடங்களில் அல்லவா?

கைத்தொலைபேசி இந்தக் குறையை வேறொரு வழியில் தீர்த்துக்கொள்கின்றது. விசையை ஒரு தடவை அழுத்தினால் அது பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டை வெளிச்சமாக்கி, தோலை மழமழப்பாக்கி ஒரு படத்தைக் கையில் தருகின்றது. குடும்பப் படத்துக்கு இது போதும் என்பது மட்டுமன்று, பல வேளைகளில் பெரிய கமெராவையும் மிஞ்சும். ஆனால், அந்தப் படத்தில் இருப்பதெல்லாம் அங்கே இருந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படம் ஒன்றைக் கணினித் திரையில் காட்டி, அதை ஒரு சம்சுங் தொலைபேசியால் படமெடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் தொலைபேசிப் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. கருவி நிலாவை அடையாளம் கண்டு, தனக்குத் தெரிந்த நிலாவை நிரப்பிவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த கூகுள் தொலைபேசி ஒன்று, அடுத்தடுத்து எடுத்த குழுப்படங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் நல்ல முகத்தைத் தெரிந்து ஒரே படத்தில் சேர்த்துத் தரும் வசதியுடன் வந்தது. கண்மூடி நின்ற மாமா கண் திறந்து சிரிப்பார். வீட்டில் வைத்துக்கொள்ள அழகான படம். அப்படியொரு கணம் நிகழவே இல்லை என்பது வேறு விடயம்.

செய்திப் படத்தில் இந்தத் தாராளம் செல்லாது. 2006 ஓகஸ்டில் பெய்ரூட் குண்டுவீச்சின் புகையைச் சற்றுக் கூட்டிக் காட்டிய ஒரு படத்துக்காக ரொய்ட்டர் நிறுவனம் அதன் பகுதிநேரப் படப்பிடிப்பாளர் ஒருவருடனான உறவைத் துண்டித்து, அவர் முன்னர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து அகற்றியது. 2015இல் அதே நிறுவனம், கமெராவுக்குள்ளேயே ஜேபெக் கோப்பாகப் பதிவான படங்களை மட்டும் அனுப்புமாறு வெளிப் படப்பிடிப்பாளர்களுக்கு அறிவித்தது. கைபடாத படமே வேண்டும் என்பது நோக்கம். இன்று கை படாமலே கருவி திருத்திவிடுகின்றது. 2023 ஒக்டோபரில் லைகா நிறுவனம் எம்11-பி என்றொரு கமெராவை வெளியிட்டது. எடுத்த கணத்திலேயே படத்துக்கு டிஜிட்டல் முத்திரை இட்டு, பின்னர் எவராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கும் கமெரா அது. விலை 9,000 டொலருக்கு மேல். எங்கள் பிராந்திய நிருபர்களின் சம்பளத்தை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். இருப்பினும் திசை சரியானது. சுகிர்தராஜனின் படங்கள் இன்று வெளியானால், அவை செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டவை என்று சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு பேச்சாளருக்கு அரை நிமிடம் போதும். அதற்குப் பதில் சொல்ல, தன் இஷ்டத்துக்கு நிரப்பாத ஒரு கருவியும், அது பதிந்த மூலக் கோப்பும் கையில் இருக்க வேண்டும். தனியான ஒரு கமெராவுக்கு இன்று நான் காணும் முதன்மையான காரணம் இதுவே.

மறுபக்கமும் இருக்கின்றது. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் தோளில் கமெராவுடன் நடப்பதே தன்னைத்தானே காட்டிக்கொடுப்பது போன்றது. சோதனைச்சாவடியில் பையைத் திறந்ததும் முதற் கேள்வி அதைப் பற்றியே வரும். சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசியை எல்லோரும் வைத்திருக்கின்றார்கள். 2022 ஜூலை 9ஆம் திகதி மக்கள் வெள்ளம் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது உலகம் பார்த்த காட்சிகளில் மிகப் பல தொலைபேசிகளால் எடுக்கப்பட்டவை. அங்கே நின்ற ஒவ்வொருவரும் ஒரு படப்பிடிப்பாளர். ஆயிரம் பேர் ஆயிரம் கோணத்தில் எடுத்தால் ஒன்றையொன்று சாட்சி சொல்லும். அப்படியான இடத்தில் தனிக் கமெரா இல்லையே என்று எவரும் ஏங்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டுமே நிற்கும் இடம்தான் பிரச்சினை. இன்னொன்று, தொலைபேசியைப் பறித்தால் அதனுடன் தொடர்பிலக்கங்களும், கடிதங்களும், தகவல் தந்தவர்களின் பெயர்களும் போகும். கமெராவைப் பறித்தால் போவது அன்றைய படங்கள் மட்டும். தகவல் தந்தவரைக் காப்பாற்றுவது எமது தொழிலின் முதற் கடமை என்று நம்புகின்ற நிருபர் இதை யோசிக்க வேண்டும்.

சரி, கமெரா வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். புதியதாகவா? 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் அது 360ஐத் தொட்டது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய விலைகள் திரும்பவில்லை. டொலரில் விலை மாறாத ஒரு கமெரா எமக்கு மட்டும் பெருவிலையாகிவிட்டது. இந்த நிலையில் புதுக் கமெரா என்பது பலருக்கு மோட்டார் சைக்கிளுக்கும் பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவுக்கும் போட்டியாக வந்து நிற்கும் பொருள்.

ஆனால், எமக்குச் சாதகமான ஒன்றும் நடந்திருக்கின்றது. உள்ளே கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். வகைக் கமெராக்களைப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. கெனனும் நிக்கொனும் அவ்வகையில் கடைசியாகப் புதிய கமெராக்களை வெளியிட்டது 2020இல். அதன் பின்னர் கண்ணாடியில்லாத வகைதான். தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் புதியதற்கு மாறும்போது நல்ல நிலையிலுள்ள பழைய கமெராக்களும் வில்லைகளும் பாதி விலைக்கும் கீழே சந்தைக்கு வருகின்றன. கண்ணாடியில்லாத கமெரா எடை குறைவு, சத்தமில்லை, முகத்தைத் தானே தேடிப்பிடிக்கும். இவை நல்ல வசதிகள்தாம். மாணவர் ஒன்றுகூடலையும் மாவட்டச் செயலகக் கூட்டத்தையும் எடுப்பவருக்கு அவற்றுக்காக இன்னொரு மடங்கு பணம் கொடுப்பது அவசியமில்லை என்பேன். பறவைகளை எடுப்பவர்களும் கிரிக்கெட் எடுப்பவர்களும் என்னுடன் சண்டைக்கு வரக்கூடும். அவர்கள் கட்சியில் நியாயம் உண்டு.

கமெராவில் மிச்சம் பிடிக்கும் பணத்தை வில்லையில் போட வேண்டும். கமெராவுடன் இலவசம்போல் வரும் வில்லை, சற்று நெருக்கிப் பார்க்கும்போது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐம்பது மில்லிமீற்றர், எஃப் 1.8 என்ற சிறிய வில்லை எல்லா நிறுவனங்களிலும் மலிவான விலையில் கிடைக்கின்றது. அது உள்ளே விடும் ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு. பத்து மடங்கு ஒளியென்றால், அதே மங்கலான மண்டபத்தில் எட்டில் ஒரு விநாடி கை நடுங்காமல் பிடிக்க வேண்டிய படத்தை எண்பதில் ஒரு விநாடியில் எடுத்துவிடலாம். எந்தப் புதிய கமெராவும் இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது. பாவித்த வில்லையை வாங்குபவர்கள் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். எமது கடலோர ஈரக்காற்றில் அது கண்ணாடியையே அரித்துவிடும். மலிவாகத் தருகின்றேன் என்றாலும் தொடக்கூடாது. நல்ல வில்லையை வாங்கியவர்களும் அதைத் தோற்பையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டாமல், காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்க வேண்டும். பொட்டலம் ஈரத்தைக் குடித்து நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பாவிக்கலாம்.

எனது தீர்மானம் இதுவே: புதியது வாங்குவதில்லை. 24 மெகாபிக்செல் உள்ள, பத்து வயதான ஒரு பாவித்த கமெராவும், அந்த ஐம்பது மில்லிமீற்றர் வில்லையும், அசல் பற்றரிகள் இரண்டும். எஞ்சும் பணத்துக்கு இரண்டு வன்தட்டுகள்.

வன்தட்டு எதற்கு என்று கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி எல்லோரும் பேசுகின்றோம். அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. ஒரு தினசரியில் அன்றுவரை சேர்ந்திருக்கக்கூடிய படங்கள் எத்தனை என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன வீடுகளில் அல்பங்களும் போயின. எரியவும் நனையவும் கூடிய தாளை விட்டு டிஜிட்டலுக்கு வந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்றொரு நம்பிக்கை எம்மவரிடம் நிலவுகின்றது. அது வீண் நம்பிக்கை. கவரில் போட்டு மேசை இழுப்பறையில் மறந்துவிட்ட எழுபதுகளின் நெகட்டிவ்களை இன்றும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் சமாதான காலத்தில், 2002 முதல் 2005 வரை எடுத்த படங்களை ஒழுங்காகக் குறுந்தட்டுகளில் பதிந்து எழுத்திட்டு வைத்திருந்தார். சென்ற வருடம் போட்டுப் பார்த்தபோது அவற்றில் பல திறக்கவில்லை. வெப்பமும் ஈரமும் அந்தத் தட்டுகளின் சாயப்படையைத் தின்றுவிட்டன. தொலைபேசிகளில் இருப்பவற்றின் ஆயுள் அதைவிடக் குறைவு. தொலைபேசி நீரில் விழும்வரை, கடவுச்சொல் மறக்கும்வரை, முகநூல் கணக்கு முடக்கப்படும்வரை.

ஆகவே ஒவ்வொரு படமும் மூன்று இடங்களில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒரு வன்தட்டு என்னிடம் கொழும்பில், மற்றொன்று யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில், மூன்றாவது பிரதி இணையத்தில். நான்கைந்து வருடங்களுக்கு ஒருமுறை வன்தட்டையே மாற்றிவிட வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் தளம் எமது பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வருடி இணையத்தில் ஏற்றிவருவதைப் பலரும் அறிவர். நிருபர்களின் வீட்டு இழுப்பறைகளில் உள்ள படங்களுக்கும் அத்தகைய ஒரு முயற்சி வேண்டும். அதற்கு ஒரு புதிய கமெராவின் விலையை ஒவ்வொருவரும் ஒதுக்கினால் எவ்வளவோ செய்யலாம்.

படத்தோடு பெயரும் இருக்க வேண்டும். யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் கோப்புக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். பழைய ஸ்ரூடியோக்காரர் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியது போல. எப்போது என்பதைக் கமெராவே எழுதிக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கமெராவின் கடிகாரம் நாம் வைத்த நேரத்தையே காட்டும். எமது நாட்டில் அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதி பழைய நேரத்துக்கே திரும்பினோம். இந்தப் பத்து வருடங்களும் வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தையே வைத்திருந்தது. ஓமந்தையைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்பியவர்களுக்கு இது நினைவிருக்கும். கைக்கடிகாரத்தைத் திருப்பினோமேயன்றிக் கமெராவின் கடிகாரத்தை எவர் திருப்பினார்? கமெராக்கள் பின்பற்றும் எக்சிஃப் நியமத்தில் நேர வலயத்தைக் குறிப்பதற்கான இடம் சேர்க்கப்பட்டதே 2016இல்தான். ஆகையால் 2002 முதல் 2006 வரை வடக்கு கிழக்கில் எடுக்கப்பட்ட டிஜிட்டல் படங்களை வைத்திருப்பவர்கள், கமெரா அன்று எந்த நேரத்தில் இருந்தது என்பதை நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி அந்தக் கோப்புகளுடன் வைத்துவிடுவது நல்லது.